ஃபாக்னரை எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் எழுத்தை இரண்டு மூன்று முறை படித்தும் புரியவில்லை என்று சிலர் சொல்கிறார்களே, அவர்களுக்கு என்ன வழி? 1956இல் பாரிஸ் ரிவ்யூ இதழில் வந்த நேர்காணலில் அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஃபாக்னரிடம் இப்படிக் கேட்டார்கள். நான்கு முறை படிக்கட்டும் என்று ஒரே வரியில் பதில் சொன்னார். இதைத் திமிர் என்பவர்கள் உண்டு. எனக்கு நேர்மையான பதிலாகத்தான் படுகிறது. அவருடைய பெரிய நாவல்கள் இரண்டாம் வாசிப்பில்தான் முழுசாகத் திறக்கின்றன. ஆனால் முதல் வாசிப்பிலேயே நாற்பதாவது பக்கத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டவருக்கு இந்தப் பதிலால் என்ன பிரயோசனம்? எந்தப் புத்தகத்தில் ஆரம்பிப்பது, எதைப் புரியாமலே கடந்து போகலாம், எங்கே நின்று கவனிக்க வேண்டும் என்பதல்லவா அவருக்குத் தெரிய வேண்டும்?

அப்படி மூடி வைத்தவர் கையில் இருந்தது பெரும்பாலும் 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி'யாக இருக்கும். 1929இல் வந்த நாவல். ஃபாக்னர் என்றாலே பட்டியல்களில் முதலில் நிற்பது அதுதான், அதனால் அதையே வாங்குகிறோம். யார் பேசுகிறார்கள், இது எந்த வருடம், செத்துப்போனவர் எப்படித் திரும்ப வந்து பேசுகிறார் என்று எதுவும் பிடிபடுவதில்லை. நம் ஆங்கிலம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிடுகிறோம். அது உண்மையில்லை. அந்த நாவலின் முதல் பகுதியில் இருக்கும் சொற்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்தவை: வேலி, பூ, புல், நெருப்பு, குளிர். வாக்கியங்களும் சின்னச் சின்னவை. அகராதியை எத்தனை தடவை புரட்டினாலும் அந்தப் பகுதி விளங்கப் போவதில்லை.

ஃபாக்னரின் கதைசொல்லிகள் எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். கேட்பவரும் உள்ளூர்க்காரர்தான் என்ற நினைப்பிலேயே பேசுகிறார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. புதிதாக ஒரு ஊருக்குப் போய் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். 'பெரிய வீட்டு விவகாரத்துக்கு அப்புறம் அவன் இந்தப் பக்கமே வரவில்லை' என்று ஒருவர் சொல்கிறார். எந்தப் பெரிய வீடு, என்ன விவகாரம், யார் அவன் என்று யாரும் நமக்கு விளக்குவதில்லை. நாலு நாள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் தானாகவே தெரிந்துவிடுகிறது. ஃபாக்னரைப் படிப்பதும் அப்படித்தான். அந்த ஊரைப் பழகிக்கொள்ள வேண்டும். பழகுவதற்கு எளிதான வாசல்களை அவரே நிறையத் திறந்து வைத்திருக்கிறார்.

ஊர் என்று நான் சொல்வது அமெரிக்காவின் தெற்கில், மிஸிஸிப்பி மாநிலத்தில் இருக்கிறது. ஃபாக்னர் 1897இல் அங்கே நியூ ஆல்பனியில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிறு நகரத்தில் வளர்ந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தார். அந்த நகரத்துக்கு ஜெஃபர்சன் என்றும், அது இருக்கும் லஃபாயெட் கவுண்டிக்கு யோக்னபடாஃபா என்றும் பெயர் மாற்றிக்கொண்டு, பதினான்கு பதினைந்து நாவல்களையும் ஏராளமான சிறுகதைகளையும் அதற்குள்ளேயே நடத்தினார். தபால்தலை அளவுள்ள தன் சொந்த மண்ணைப் பற்றி ஆயுள் முழுக்க எழுதினாலும் தீராது என்று கண்டுகொண்டதாக அதே நேர்காணலில் சொல்கிறார். 'அப்சலோம், அப்சலோம்!' நாவலின் கடைசியில் அவர் கையால் வரைந்த வரைபடம் ஒன்று இருக்கிறது. பரப்பு 2,400 சதுர மைல், வெள்ளையர் 6,298, கறுப்பர் 9,313, ஏக உரிமையாளர் வில்லியம் ஃபாக்னர் என்று அதில் குறித்திருக்கிறார்.

வரலாறு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? அதிகம் வேண்டாம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அடிமை முறையைக் காப்பதற்காகச் சண்டையிட்டுத் தோற்றது தெற்கு. பெரிய பண்ணைக் குடும்பங்கள் நொடித்தன. நிலம் கைமாறியது. அடிமைகளாக இருந்தவர்கள் சட்டப்படி விடுதலையானாலும் நிறவெறி அப்படியே நின்றது. ஃபாக்னரின் கொள்ளுத்தாத்தா கர்னல் வில்லியம் கிளார்க் ஃபாக்னர் அந்தப் போரில் படை நடத்தியவர், ரயில் பாதை போட்டவர், நாவலும் எழுதியவர். 1889இல் பழைய தொழில் கூட்டாளி ஒருவர் அவரைச் சுட்டுக் கொன்றார். கதைகளில் அடிக்கடி தலைகாட்டும் கர்னல் சார்ட்டோரிஸ் அவரை வைத்து உருவானவர். அந்தப் போரைக் கண்ணால் பார்க்காத தலைமுறை, பெரியவர்கள் சொல்லிச் சொல்லியே அதைத் தன் மேல் நடந்ததாகச் சுமந்தது. அவருடைய நாவல்களில் காலம் முன்னும் பின்னுமாகப் புரளுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அவர்களுக்கு எந்தப் பழைய விஷயமும் முடிந்துபோகவில்லை.

முதலில் படிக்க வேண்டியது 'எ ரோஸ் ஃபார் எமிலி' என்ற சிறுகதை. 1930இல் வந்தது, ஒரே அமர்வில் முடித்துவிடலாம். எமிலி என்ற மூதாட்டியின் இறுதிச் சடங்கில் கதை ஆரம்பிக்கிறது. சொல்கிறவர் யார் என்று பெயர் கிடையாது, ஊரே சேர்ந்து பேசுகிறது. அவளுக்கு 1894இல் கர்னல் சார்ட்டோரிஸ் வரி விலக்கு கொடுத்தார். அடுத்த தலைமுறை அதிகாரிகள் வரி கேட்டு வீட்டுக்கு வருகிறார்கள், அவள் துரத்திவிடுகிறாள். அந்த இடத்தில் ஒரு வரி வருகிறது: முப்பது வருடத்துக்கு முன்னால் அந்த வாடை விஷயத்தில் இவர்களுடைய அப்பாக்களை எப்படித் தோற்கடித்தாளோ, அதே போல இவர்களையும் தோற்கடித்தாள். எந்த வாடை? அதுவரை கதையில் அந்த விஷயத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஊருக்குத் தெரியும் என்பதால் ஊர் அப்படிப் பேசுகிறது. அடுத்த பத்தியிலேயே விளக்கமும் வந்துவிடுகிறது. பெரிய நாவல்களிலும் அவர் செய்வது இதே வேலைதான். என்ன, அங்கே விளக்கம் அடுத்த பத்தியில் வராமல் இருநூறு பக்கம் தள்ளி வரும். இந்தக் கதையை முடித்ததும் நடந்தவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். ஆய்வாளர்கள் போட்ட காலவரிசைகளே ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை, அதனால் சரியாக வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

அப்புறம் 'பார்ன் பர்னிங்', 1939. எனக்கு மிகவும் பிடித்த கதை. அப்பா ஏப்னர் ஸ்னோப்ஸ் குத்தகை விவசாயி. கோபம் வந்தால் நிலக்காரர்களின் தானியக் கொட்டகைக்குத் தீ வைத்துவிடுகிறவர். சின்ன மகன் சார்ட்டி. புதிதாகப் போய்ச் சேர்ந்த பண்ணையில் எஜமானர் டி ஸ்பெயின் வீட்டுக்குள் நுழையும்போது, ஏப்னர் குதிரைச் சாணத்தை மிதித்த காலோடு போய் விலை உயர்ந்த வெளிர் நிறக் கம்பளத்தில் வேண்டுமென்றே தேய்க்கிறார். அபராதமாக இருபது புஷல் சோளம் விதிக்கப்படுகிறது, நீதிபதி அதைப் பத்தாகக் குறைக்கிறார். அந்தப் பத்தும் என்ன செய்யப் போகிறது என்பதைப் பையன் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவன் மனம் அப்பாவின் பக்கமும் நியாயத்தின் பக்கமும் இழுபடும்போது வாக்கியங்கள் நீளுகின்றன. ஃபாக்னரின் நீள வாக்கியம் எதற்காக நீளுகிறது என்பதை முதன்முதலாக உணர்வதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. சார்ட்டோரிஸ், டி ஸ்பெயின், ஸ்னோப்ஸ் என்று மூன்று குடும்பப் பெயர்களும் இந்த ஒரே கதையில் பழகிவிடும்.

இதற்குப் பிறகு முதல் நாவலாக 'ஆஸ் ஐ லே டையிங்' எடுக்கலாம். மிஸிஸிப்பி பல்கலைக்கழகத்தின் மின்நிலையத்தில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே, 1929 அக்டோபர் 25 முதல் டிசம்பர் 11 வரை, ஏழு வாரத்துக்குள் எழுதிய நாவல். அடுத்த வருடம் வெளியானது. ஆடி பண்ட்ரன் என்ற ஏழை விவசாயக் குடும்பத்துத் தாய் சாகிறாள். தன்னை ஜெஃபர்சனில் புதைக்க வேண்டும் என்று கணவனிடம் வாக்கு வாங்கியிருக்கிறாள். குடும்பமே சவப்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு, வெள்ளத்தையும் தீயையும் கடந்து போகிறது. கதை அவ்வளவுதான். பதினைந்து பேர், 59 சிறு பகுதிகளாக அதைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பாகப் பேசுபவரின் பெயர் இருப்பதால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. காஷ், டார்ல், ஜுவல், டூயி டெல், வார்டமன் என்று ஐந்து பிள்ளைகளின் பெயர்களையும் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

இந்த நாவலில் ஆட்களை அடையாளம் காட்டுவது அவர்கள் செய்யும் காரியம்தான். முதல் பக்கத்தில் டார்லும் ஜுவலும் ஒற்றையடிப் பாதையில் வருகிறார்கள். நடுவில் ஒரு பஞ்சுக் கிடங்கு. டார்ல் அதைச் சுற்றிக்கொண்டு போகிறான். ஜுவல் ஜன்னல் வழியாக ஏறி உள்ளே இறங்கி, எதிர் ஜன்னல் வழியாக வெளியே வந்து நேராக நடக்கிறான். இரண்டு பேரின் குணமும் அங்கேயே முடிவாகிவிட்டது. மூத்தவன் காஷ், சாகக் கிடக்கும் அம்மாவின் ஜன்னலுக்குக் கீழேயே அவளுக்கான சவப்பெட்டியைச் செய்கிறான், பலகையைத் தூக்கி அவளுக்குக் காட்டுகிறான். அவனுடைய ஒரு பகுதி முழுக்கவே, பெட்டியின் விளிம்பை ஏன் சரிவாக இழைத்தேன் என்று எண் போட்டு எழுதிய 13 காரணங்கள். துக்கத்தை வேறு எப்படியும் சொல்லத் தெரியாத மனிதன். கடைக்குட்டி வார்டமனின் ஒரு பகுதியில் ஒரே வாக்கியம்தான்: என் அம்மா ஒரு மீன். அவன் அன்று ஒரு பெரிய மீனைப் பிடித்து வெட்டினான், அதே நாளில் அம்மா செத்துப்போனாள், இரண்டும் அவன் மனதில் ஒன்றாகிவிட்டன.

ஒரு இடத்தில் நிச்சயம் தடுக்கும். தாய் சாகும் காட்சியைச் சொல்கிறவன் டார்ல். ஆனால் அவன் அந்த நேரத்தில் வீட்டில் இல்லை, மரம் ஏற்றி வர வண்டியோடு வெளியே போயிருக்கிறான். எங்கோ தவறவிட்டோம் என்று பின்னால் புரட்டாதீர்கள். டார்ல் அப்படிப்பட்டவன், மேலே போகப் போகத் தெரியும். இறந்த தாயே ஒரு பகுதியில் பேசுவாள், அதையும் அப்படியே ஏற்றுக்கொண்டு போகலாம். அந்தப் பகுதியைத்தான் இரண்டாவது முறை படிக்க வேண்டும்.

அடுத்தது 'லைட் இன் ஆகஸ்ட்', 1932. 2005 கோடையில் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரி தன் புத்தகக் குழுவுக்கு ஃபாக்னரின் மூன்று நாவல்களைத் தேர்ந்தெடுத்தபோது, 'ஆஸ் ஐ லே டையிங்', 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி', அதன் பிறகு இது என்று வரிசை வைத்தார். நான் கடைசி இரண்டையும் மாற்றி வைப்பேன். இது நீளமான நாவல்தான், ஆனால் பெரும்பகுதி நேராகச் சொல்லப்பட்டது. வயிற்றில் பிள்ளையோடு லீனா குரோவ் என்ற பெண், ஓடிப்போனவனைத் தேடி அலபாமாவிலிருந்து நடந்தே வருகிறாள். இன்னொரு பக்கம் ஜோ கிறிஸ்மஸ். தன் உடம்பில் ஓடுவது வெள்ளையர் ரத்தமா கறுப்பர் ரத்தமா என்று கடைசிவரை அவனுக்கே நிச்சயமில்லை. அந்த நிச்சயமின்மையை வைத்தே அந்தச் சமூகம் அவனை அழிக்கிறது. நிறவெறி மனிதனை உள்ளிருந்து எப்படி அரிக்கிறது என்பதை நான் படித்த நாவல்களில் இந்த அளவுக்குக் கண்முன் நிறுத்தியது வேறில்லை.

இப்போது 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி'க்குப் போகலாம். காம்ப்ஸன் குடும்பத்தின் வீழ்ச்சி, நான்கு பகுதிகளில். முதல் மூன்றை மூன்று சகோதரர்கள் சொல்கிறார்கள். மூவருக்கும் நடுவில் நிற்கும் சகோதரி கேடிக்கு மட்டும் சொல்ல ஒரு பகுதி கிடையாது. முதலில் பேசும் பென்ஜிக்கு வயது 33, மனம் குழந்தையுடையது, வாய் பேச வராது. அவனுக்கு நேற்று, இன்று என்ற வேறுபாடு இல்லை. நினைவுக்கு வருவதெல்லாம் இப்போதே நடக்கிறது.

முதல் சில பக்கங்களை மட்டும் பார்ப்போம். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் எதையோ அடிக்கிறார்கள், கொடியைப் பிடுங்கி நடுகிறார்கள். கோல்ஃப் ஆட்டம். பென்ஜிக்கு அந்த ஆட்டம் இன்னதென்று தெரியாததால் நமக்கும் சொல்லப்படுவதில்லை. ஆட்டக்காரர் ஒருவர் மட்டைப் பையைச் சுமக்கும் பையனைக் 'கேடி' என்று கூப்பிடுகிறார், பென்ஜி அழ ஆரம்பிக்கிறான். அது அவன் அக்கா பெயராகக் காதில் விழுகிறது. அவனைப் பார்த்துக்கொள்ளும் லஸ்டர், தொலைந்துபோன தன் கால் டாலர் நாணயத்தைத் தேடிக்கொண்டிருக்கிறான். இருவரும் வேலி இடுக்கில் நுழைகிறார்கள், பென்ஜியின் சட்டை ஆணியில் மாட்டுகிறது. உடனே எழுத்து சாய்கிறது. கேடி ஆணியிலிருந்து அவனை விடுவிக்கிறாள், இருவரும் குனிந்து நுழைகிறார்கள். சாய்வு எழுத்து முடியும்போது குளிர்காலம், கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, கை விறைத்துப்போகும் என்கிறாள் கேடி. ஒரு ஆணியில் மாட்டியதால் அவன் பல வருடம் பின்னால் போய்விட்டான். அந்தப் பகுதி முழுவதும் இப்படித்தான் நகர்கிறது: ஒரு பொருள், ஒரு வாசனை, ஒரு குளிர், உடனே வேறொரு வருடம்.

காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல குறி உண்டு. பென்ஜியைக் கவனித்துக்கொள்வது யார் என்று பாருங்கள். வெர்ஷ் என்றால் அவனுடைய சிறு வயது. டி.பி. என்றால் இளம் பருவம். லஸ்டர் என்றால் நிகழ்காலம், 1928 ஏப்ரல் 7. இதோடு பெயர் குழப்பத்தையும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்: குவென்டின் என்று இரண்டு பேர், ஒருவன் பென்ஜியின் அண்ணன், இன்னொருத்தி கேடியின் மகள். ஜேஸன் என்று அப்பாவும் மகனும். பென்ஜிக்கே முதலில் வைத்த பெயர் மோரி, தாய்மாமன் பெயர். இந்த மூன்றும் தெரிந்தால் முதல் பகுதியில் பாதிக்கு மேல் பிடிபடும். மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு நகரலாம். இரண்டாம் பகுதி அண்ணன் குவென்டினுடையது, 1910 ஜூன் 2, அவன் தற்கொலை செய்துகொள்ளும் நாள். மனம் சிதறச் சிதற நிறுத்தற்குறிகளும் உதிர்ந்துவிடும். வேகமாகப் படிக்க வேண்டிய பகுதி அது. மூன்றாவதில் ஜேஸன் வாயைத் திறந்ததும் எல்லாம் தெளிவாகிவிடுகிறது. நான்காவதை, அந்த வீட்டைத் தாங்கிய கறுப்பினப் பணிப்பெண் டில்சியை முன்னிறுத்தி, வெளியிலிருந்து சொல்கிறார்.

எளிதான ஜேஸன் பகுதியிலிருந்து தொடங்கு என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். பென்ஜியின் திகைப்பில் நாமும் இருந்தால்தான், பிறகு ஜேஸன் அதே குடும்பத்தைப் பற்றிக் கசப்போடு பேசும்போது அவன் எவ்வளவு பொய் சொல்கிறான் என்று உறைக்கும். விமர்சகர் மால்கம் கௌலி தொகுத்த 1946 ஃபாக்னர் தொகுப்புக்காக ஃபாக்னர் எழுதிக்கொடுத்த குடும்ப வரலாற்றுப் பின்னிணைப்பும் இந்த நாவலோடு சில பதிப்புகளில் இருக்கும். அதே வருடத்து மாடர்ன் லைப்ரரி பதிப்பில் அதை முன்னாலேயே அச்சிட்டார்கள். உங்கள் பிரதியில் எங்கே இருந்தாலும் அதைக் கடைசியில் படியுங்கள்.

'அப்சலோம், அப்சலோம்!' (1936) இந்த வரிசையில் கடைசி. அதன் கஷ்டம் வேறு விதம்: ஆயிரம் சொல்லைத் தாண்டும் வாக்கியம்கூட அதில் உண்டு. எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்துக்குள் சொல்லிவிட முயல்கிறேன் என்று ஃபாக்னர் கௌலிக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். 1833இல் எங்கிருந்தோ வந்து நூறு சதுர மைல் நிலத்தில் பண்ணை அமைத்த தாமஸ் சட்பனின் கதை. அதன் சுருக்கம் முதல் சில பக்கங்களிலேயே, அடைப்புக்குறிகளோடு, ஒரு பத்தியில் வந்துவிடுகிறது. யார் யாரைச் சுட்டார் என்பதுகூட மறைக்கப்படவில்லை. ஏன் என்பதுதான் தெரியாது. அதைத் தேடி சட்பனின் மைத்துனி ரோசா, குவென்டினின் அப்பா காம்ப்ஸன், குவென்டின், ஹார்வர்டில் அவனுடைய அறைத்தோழன் ஷ்ரீவ் என்று ஒவ்வொருவராகத் திரும்பச் சொல்கிறார்கள். தெரியாத இடங்களை ஊகத்தால் நிரப்புகிறார்கள். சத்தமாகப் படித்தால் வாக்கியங்கள் வசப்படும். தற்கொலைக்குச் சில மாதம் முன்பு குவென்டின் எந்தக் கதையைச் சுமந்துகொண்டிருந்தான் என்பது இந்த நாவலில்தான் இருக்கிறது, அதனால்தான் இதை 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி'க்குப் பிறகு வைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் புத்தகங்களில் கறுப்பினத்தவரைக் குறிக்கும் இழிசொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். பாத்திரங்கள் அப்படிப் பேசிய காலம் அது. ஃபாக்னருமே அந்தச் சமூகத்தின் எல்லைகளை முழுசாகத் தாண்டியவர் இல்லை. இன ஒதுக்கலை ஒழிப்பதில் நிதானமாகப் போகலாம் என்று 1956இல் அவர் எழுதியபோது, கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் அதே வருடம் கடுமையாக மறுத்து எழுதினார். பால்ட்வின் சொன்னது சரி. மறுபுறம், கறுப்பின நாவலாசிரியை டோனி மாரிசன் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எழுதிய முதுகலை ஆய்வேடு வர்ஜீனியா உல்ஃபையும் ஃபாக்னரையும் பற்றியது. காப்ரியேல் கார்ஸியா மார்க்கேஸ் தன் ஆசான்களில் ஒருவராக அவரைச் சொன்னார். மார்க்கேஸைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு கற்பனை ஊரில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் கதை புதிதாக இருக்காது.

புத்தகம் வாங்கும்போது ஒரு கவனம் தேவை. ஃபாக்னர் 1962இல் இறந்தார். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு என்ற இந்தியச் சட்டப்படி, அவர் வாழ்ந்தபோது வெளியான நூல்களுக்கு 2023 முதல் இங்கே காப்புரிமை இல்லை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், தமிழிலும் மொழிபெயர்க்கலாம். மலிவுப் பதிப்புகள் வருவது நல்லதுதான். ஆனால் 'தி சவுண்ட் அண்ட் தி ஃபியூரி'யை அப்படி வாங்குவதற்கு முன், முதல் சில பக்கங்களைப் புரட்டி அந்த ஆணி வரும் இடத்தில் சாய்வு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பிரதியை வாங்க வேண்டாம். விண்டேஜ் வெளியீட்டில், அறிஞர் நோயல் போல்க் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்த பாடம் கிடைக்கிறது, கொஞ்சம் விலை கூடினாலும் அதை வாங்கலாம்.